வீட்டுப் பொண்ணு மாதிரி

1

கிர்ஸ்டன் என்கிற டேனிஷ் அம்மாளிடமிருந்து போன வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. கூடவே ஒரு படம். தாய்லாந்தில், கிராபிக்குப் பக்கத்துத் தீவு ஒன்றில் எடுத்தது. முழங்கால் வரை தண்ணீரில் நான் நிற்கிறேன். கறுப்பு நீச்சலுடை, கூலிங் கிளாஸ். நாலடி பின்னால் என் பையையும் என் செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டெல்லா நிற்கிறாள். பெரிய பெரிய செம்பருத்திப் பூ போட்ட நைட்டி, அதற்கு மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். இரண்டு பேரும் சிரிக்கிறோம். கீழே கிர்ஸ்டன் எழுதியிருந்தார்: நீங்களும் உங்கள் வீட்டுப் பணிப்பெண்ணும். அவரையும் விடுமுறைக்கு அழைத்து வந்த உங்கள் நல்ல மனதைப் பற்றி நானும் என் கணவரும் அடிக்கடி பேசிக்கொள்கிறோம்.

ஸ்டெல்லா என் வீட்டில் வேலை செய்பவள் அல்ல. காஞ்சிபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளர். அவளுக்குக் கீழே ஆறேழு பேர் வேலை பார்க்கிறார்கள். எனக்கு மூன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதி. நான் இங்கே ஓர்ஹூஸ் நகரத்தில், குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளர். பதவிக் கணக்கு பார்த்தால் அவள் பையை நான்தான் தூக்க வேண்டும்.

உங்களுக்கு முன்பு ஒருமுறை பெருமையாக எழுதியிருந்தேன். டென்மார்க்கில் முதலாளியையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், சார் மேடம் கிடையாது, பெருக்குகிறவரும் மேயரும் ஒரே மேசையில் காபி குடிப்பார்கள் என்றெல்லாம். அதைப் படித்துவிட்டு ஊரிலிருந்து சிலர் பாராட்டினீர்கள். அந்தப் பாராட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மானம் கப்பலேறியது என்று சொல்வோம் இல்லையா, என்னுடையது ஒரு மரப் படகில் ஏறி நாலு தீவு சுற்றிவிட்டு வந்திருக்கிறது.

2

தீவுக்குப் போவதென்று நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே முடிவு செய்துவிட்டோம். எட்டாம் வகுப்பில் மகாபலிபுரத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போனார்கள். டீச்சர் எங்களைக் கயிறு போட்டுக் கட்டாத குறையாகக் கரையிலேயே நிறுத்தி, கால் மட்டும் நனைத்துக்கொள்ளலாம் என்றார். மண் கலங்கிய தண்ணீரைப் பார்த்துவிட்டு ஸ்டெல்லா, அடி தெரிகிற கடல் எங்கேயோ இருக்கிறதாம், ஒருநாள் அங்கே போய் இரண்டு பேரும் கழுத்துவரை இறங்க வேண்டும் என்றாள். நான் சரி என்றேன். அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணம், டென்மார்க், மகள். அவளுக்கு வேலை, கல்யாணம், கணவரின் மறைவு, பிள்ளையின் படிப்பு. பிள்ளை வேலைக்குப் போன பிறகுதான் போனில் அந்தப் பேச்சை மறுபடி எடுத்தாள்.

"இப்பயாவது போலாமாடீ கோமு? இல்ல, ரெண்டு பேரும் கோல் ஊனிக்கினு போலாம்னு இருக்கியா?"

கோமதி என்கிற என்னைக் கோமு என்று கூப்பிட இன்னும் ஒரு சிலர் இருக்கிறார்கள். டீ போட்டுக் கூப்பிட அவள் ஒருத்திதான் மிச்சம்.

அரசு ஊழியர் வெளிநாடு போவதென்றால் துறையிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அவள் விண்ணப்பம் மேசை மேசையாக நகர்ந்திருக்கிறது. யாரோடு போகிறீர்கள் என்று மேலதிகாரி கேட்டாராம். சிநேகிதியோடு என்றாளாம். என்ன உறவு என்றாராம். சிநேகிதி என்றால் சிநேகிதிதான் சார் என்றாளாம். உறவுக்காரர் என்று போட்டால் சட்டென்று கையெழுத்தாகும், அத்தை மகள் என்று எழுதிக் கொடுங்களேன் என்று அவரே வழியும் சொல்லியிருக்கிறார். இவள் மாட்டேன் என்றுவிட்டாள். கோப்பு நன்றாகத் தூங்கி எழுந்துதான் வந்தது. கிராபி விமான நிலையத்தில் டாக்சிக்கு நிற்கும்போது இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"பொய் சொல்லி உன்ன அத்த பொண்ணாக்கணுமா? அத்த பொண்ணுன்னா கல்யாணம் காட்சிக்குதான் சண்ட போட முடியும். நம்ம தினம் போட்டுக்கினு இருக்கோம்."

நானும் சிரித்தேன். சிநேகிதி என்கிற ஒரு சொல்லுக்காக அவள் அங்கே அத்தனை நாள் மல்லுக்கு நின்றிருக்கிறாள். அதை நான் சிரித்துக் கடந்துவிட்டேன்.

3

மறுநாள் காலை படகுத்துறைக்கு அவள் நைட்டியில் வந்தாள். தோளில் ஒரு துண்டு. வேறு உடை இல்லையா என்று கேட்டேன்.

"கடல்ல எறங்கதானே போறோம். பட்டுப் பொடவையா கட்டிக்கினு வருவாங்க?" என்றாள்.

நம் ஊரில் நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் பால் பூத், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி வரை போகலாம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நானும் அப்படிப் போனவள்தான். ஆனால் நீச்சலுடை வாங்குவதற்காக ஓர்ஹூஸில் கடை கடையாக ஏறி இறங்கிய கண்களுக்கு அந்தச் செம்பருத்திப் பூக்கள் ஒவ்வொன்றும் தாம்பாளம் அளவுக்குத் தெரிந்தன.

படகில் எங்களைச் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாம் வெள்ளைக்காரர்கள். முதல் தீவுக்குப் பக்கத்தில் படகை நிறுத்தியதும் ஸ்டெல்லாதான் முதலில் தண்ணீரில் இறங்கினாள். நைட்டிக்குள் காற்றுப் புகுந்து சுற்றிலும் உப்பிக்கொண்டது. படகே சிரித்தது. அதிலே பெரிய சிரிப்பு அவளுடையது. கோமு, பாருடீ, பாராசூட் என்று கத்தினாள். நான் கேட்காதது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர்கள் சிரித்ததில் கெடுதல் எதுவும் இருக்கவில்லை. அவளோடு சேர்ந்துதான் சிரித்தார்கள். கூசிப்போனது நான் மட்டும்தான்.

படகில் ஏறியதும் டப்பாவைத் திறந்தாள். காஞ்சிபுரம் இட்லி. மிளகும் சுக்கும் தட்டிப் போட்டு, வழியில் கெடாமல் இருக்கும்படி ஊரிலிருந்து கிளம்பும் முன் அவளே வேகவைத்து எடுத்து வந்தது. எல்லோருக்கும் காகிதத் துண்டில் வைத்துக் கொடுத்தாள். படகு ஓட்டுகிறவருக்குக் கொடுக்க முன்பக்கம் போனாள். அப்போதுதான் பக்கத்தில் இருந்த கிர்ஸ்டன் என் பையில் எழுதியிருந்த டேனிஷ் கடைப் பெயரைப் பார்த்துவிட்டு, டேனிஷில் பேச ஆரம்பித்தார். நானும் உற்சாகமாகப் பேசினேன். அந்தப் படகில் நான் நைட்டியின் பக்கத்தைச் சேர்ந்தவள் இல்லை என்று காட்ட அது போதுமானதாக இருந்தது. இட்லி அருமை, அவர் உங்கள் சகோதரியா என்று கேட்டார்.

டேனிஷில் சிநேகிதிக்கு ஒரு சொல் இருக்கிறது. காப்பகத்தில் நாலு வயதுக் குழந்தைகள் நாளெல்லாம் சொல்கிற சொல். அது என் வாயில் வரவில்லை. அவள் எங்கள் வீட்டுப் பெண் மாதிரி என்று சொல்ல வந்தேன். தமிழில் நினைத்து, அவசரமாக டேனிஷில் போட்டேன்: பீயெ இ ஹூஸெத். வீட்டில் உள்ள பெண். நம் பேச்சில் அதற்கு மகள் ஸ்தானம். டேனிஷில் அந்த மூன்று சொல்லும் சேர்ந்து வந்தால் வீட்டு வேலைக்காரி என்று அர்த்தம்.

கிர்ஸ்டனின் முகம் மலர்ந்துவிட்டது. அவரையும் அழைத்து வந்திருக்கிறீர்களே, எவ்வளவு நல்ல மனது என்றார். திருத்துவதற்கு அப்போது நேரம் இருந்தது. நிறையவே இருந்தது. நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு, அவளுக்குக் கடல் ரொம்பப் பிடிக்கும் என்றேன்.

ஸ்டெல்லா காலி டப்பாவோடு திரும்பி வந்தாள். கிர்ஸ்டன் நல்லவர். அவளையும் பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார். ஆங்கிலத்தில், நிறுத்தி நிதானமாக, இவர்கள் வீட்டில் எத்தனை வருடமாக வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"சின்ஸ் தேர்ட் ஸ்டாண்டர்ட், மேடம்," என்றாள்.

கிர்ஸ்டனின் முகம் வாடியது. சின்னப் பிள்ளையிலிருந்தே வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார், பாவம். ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள். காலடியில் கிடந்த என் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்றாள்.

4

மொழி தடுமாறிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வெளிநாட்டில் இருக்கிற நமக்கு அது வசதியான சாக்கு. வந்த புதிதில் கடையில் ஒன்று கேட்டு வேறொன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் குடியுரிமைக்காக மொழித் தேர்வு எழுதி, ஒருமுறை கோட்டைவிட்டு, மறுபடி எழுதித் தேறியவள் நான். அலுவலகம் அலுவலகமாக விரல்ரேகை வைத்து, அவர்கள் கேட்ட தாளையெல்லாம் இரண்டு தரம் கொடுத்து, கடைசியில் கைகுலுக்கிக் குடிமகளானவள். பீயெ இ ஹூஸெத் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். வாயிலிருந்து விழுந்த அந்த நொடியிலேயே தெரியும்.

அந்த வாக்கியம் என் அம்மாவுடையது. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு முன்கட்டில் தறி. அதைத் தாண்டினால் கூடம், அதற்கப்புறம் சமையல்கட்டு. ஸ்டெல்லா ஓரிக்கைப் பக்கம் காலனியிலிருந்து வருவாள். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு கணக்குப் போடுவாள். அம்மா அவளுக்கும் சேர்த்துத்தான் தோசை சுடுவாள், ஆறிப்போகாமல் கொண்டு வந்து கொடுப்பாள். அக்கம்பக்கத்தில் கேட்டால், ஸ்டெல்லா நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி என்பாள். ஆனால் வீட்டுப் பொண்ணு மாதிரி இருந்தவள் ஒருநாளும் கூடத்துக்குள் வந்ததில்லை. அவள் குடிக்கிற எவர்சில்வர் டம்ளர் முன்கட்டு ஜன்னல் விளிம்பிலேயே இருக்கும். யாரும் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

இன்றைக்கும் என் அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்கிக் கொடுப்பதும், கண் டாக்டரிடம் அழைத்துப் போவதும் ஸ்டெல்லாதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக அங்கேதான் வருவாள். நான் இங்கேயிருந்து போனில், அம்மா சரியாகச் சாப்பிடுகிறாளா பாருடீ என்பேன். போன முறை ஊருக்குப் போயிருந்தபோது என் மகள் நிலா, ஸ்டெல்லா ஆன்ட்டி ஏன் உள்ளே வர மாட்டேன் என்கிறார் என்று கேட்டாள். அங்கேதான் காற்று வரும் என்று சொன்னேன். யோசிக்காமலே வந்தது அந்தப் பதில்.

அம்மாவின் வாக்கியத்தில் மாதிரி என்று ஒரு சொல் இருந்தது. அதுதான் அத்தனை வருடமும் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. டேனிஷில் போட்டபோது அது கழன்று விழுந்துவிட்டது. மிச்சம் இருந்தது உண்மை.

5

மீதித் தீவுகளில் ஸ்டெல்லா என்னை விட்டுவைக்கவில்லை. செருப்பைத் தூக்கிக்கொண்டாள். நான் உட்கார்ந்த பலகையில் உட்காராமல் கீழே உட்கார்ந்தாள். வெயிலா இருக்குதும்மா, தொப்பி போட்டுக்கறீங்களா என்றாள். முதலில் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். விடுடீ என்று முணுமுணுத்தேன். அவள் குரலில் கோபம் இல்லை, கிண்டல் கூட இல்லை. அப்படிப் பேசுகிறவர்களை அவள் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள். அவளுடைய அம்மா எங்கள் தெருவில் பல வீடுகளில் அப்படித்தான் பேசினார். எழுத்துப் பிசகாமல் அதே பணிவு. நாலு பேர் நடுவில் நான் குறுகிப்போய் உட்கார்ந்திருந்தேன். படத்துக்குச் சிரியுங்கள் என்று கிர்ஸ்டன் சொன்னபோது இரண்டு பேரும் சிரித்தோம்.

கடைசித் தீவில் தண்ணீர் அப்படி இருந்தது. இடுப்பளவு ஆழத்திலும் கால் விரல் தெரிந்தது. சின்னச் சின்ன மீன்கள் காலைச் சுற்றிப் போயின. எட்டாம் வகுப்பில் பேசி வைத்த கடல் அதுதான். இரண்டு பேருக்கும் அது தெரிந்தது. ஸ்டெல்லா என் பையை மணலில் நனையாத இடமாகப் பார்த்து வைத்தாள்.

"நான் கொஞ்சம் எறங்கிட்டு வரட்டுங்களாம்மா?" என்று கேட்டாள்.

என்னால் சரி என்றும் சொல்ல முடியவில்லை, நானும் வருகிறேன் என்றும் சொல்ல முடியவில்லை. அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். நான் தலையை ஆட்டிய பிறகுதான் போனாள். கழுத்துவரை இறங்கி, கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே நின்றாள். நான் மணலில் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கிர்ஸ்டன் வந்து, அவர் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார் பாருங்கள் என்றார்.

சாயங்காலம் அறையில் அவள் நைட்டியை அலசி பால்கனியில் காயப்போட்டாள். நான் பின்னாலேயே போய், அந்த டேனிஷ் சொல்லைப் பற்றி விளக்கினேன். வீட்டுப் பெண் மாதிரி என்றுதான் சொன்னேன், அங்கே அதற்கு வேறு அர்த்தம் ஆகிவிட்டது, மொழி தெரியாத குழப்பம் என்றேன். அவள் நைட்டியின் ஓரத்தைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"எனக்கு அந்த பாஷ தெரியாது," என்றாள். "மூஞ்சி தெரியும்."

அதோடு முடிந்தது. சண்டை போடவில்லை. தினம் சண்டை போடுகிறவள் அன்றைக்குப் போடவில்லை. அம்மா என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள், டீ போட்டும் கூப்பிடவில்லை. தமிழில் ஒரு சௌகரியம் இருக்கிறது, நீ என்றும் சொல்லாமல் நீங்க என்றும் சொல்லாமல் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் பேசலாம். குளிச்சாச்சா. சாப்ட்டாச்சா. டாக்சி வந்தாச்சு. விமான நிலையத்தில் பிரிகிற வரையில் அப்படியே பேசினாள். ஊருக்குப் போன பிறகு போனிலும் அப்படியே. மாத்திர வாங்கிக் குடுத்தாச்சு. டாக்டரப் பாத்தாச்சு. என் அம்மாவைக் கவனிப்பதில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. வாக்கியத்தில்தான் நான் இல்லை. அந்த டீ இல்லாமல் போய்விட்டால் எனக்கு அந்த ஊரே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

6

கிர்ஸ்டனின் படம் வந்த அன்று நிலா என் தோளுக்கு மேலிருந்து அதைப் பார்த்துவிட்டாள். பதினாறு வயது. வீட்டில் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிற வயது. என் பேச்சு அவளுக்குப் பாதி புரிவதில்லை, அவள் பேச்சு எனக்குப் பாதி பிடிப்பதில்லை. அன்றைக்கு மட்டும் முழுதாகப் புரிந்தது. இது என்ன, ஆன்ட்டியை ஏன் இப்படி எழுதியிருக்கிறார் என்றாள். நான் பால்கனியில் சொன்ன அதே கதையைச் சொன்னேன். வேடிக்கையான மொழிக் குழப்பம் போலச் சொன்னேன், சிரிக்கவும் செய்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "அம்மா, உனக்கு அந்த வார்த்தை தெரியும்," என்று தமிழிலேயே சொன்னாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வேறு சமயமாக இருந்தால் அவள் தமிழில் ஒரு முழு வாக்கியம் பேசியதற்குச் சந்தோஷப்பட்டிருப்பேன்.

உட்கார்ந்து கிர்ஸ்டனுக்குப் பதில் எழுதினேன். அவள் என் வீட்டில் வேலை செய்பவள் அல்ல, என் சிநேகிதி, அரசு அதிகாரி, உடையைப் பார்த்துக் கூச்சப்பட்டு நான் உங்களைத் தப்பாக நினைக்க விட்டுவிட்டேன், மன்னியுங்கள் என்று. அனுப்பிவிட்டு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். அவள் அலுவலகம் விட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னாள். எழுதியதைத் தமிழில் அப்படியே படித்துக் காட்டினேன். கடைசி வரியை இரண்டு தரம் படித்தேன். ஏதாவது பெரிய காரியம் செய்துவிட்டதாக ஒரு நினைப்பு எனக்கு.

பஸ் இரைச்சலுக்கு நடுவில் அவள் கேட்டாள்.

"அந்தம்மாகிட்ட சொல்லியாச்சு. சரி. வீட்ல சொல்லியாச்சா?"

எந்த வீட்டைச் சொல்கிறாள் என்று கேட்கவில்லை. எனக்குப் புரிந்தது.

7

ஞாயிற்றுக்கிழமை, ஸ்டெல்லா வந்திருப்பாள் என்று தெரிந்த நேரமாகப் பார்த்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். சொல்ல வேண்டியதை முன்பே சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். குடியுரிமைத் தேர்வுக்குக் கூட அப்படித் தயார் செய்ததில்லை. ஸ்டெல்லா வந்திருக்கிறாளா என்று கேட்டேன். இதோ இருக்குது என்று அம்மா போனைத் திருப்பினாள். தறிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், சர்ச்சுக்குக் கட்டிய புடவையோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் மாத்திரைக் கவர். கையில் அந்த எவர்சில்வர் டம்ளர்.

"அவள உள்ள கூப்புடும்மா," என்றேன். "கூடத்துல உக்காரட்டும். எல்லாரும் குடிக்கிற டம்ளர்ல காபி குடு. அவ வீட்டுப் பொண்ணு மாதிரி இல்ல. என் சிநேகிதி."

சொல்லிவிட்டேன். ஏழு கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு, அம்மா கையில் இருக்கிற போனுக்குள் இருந்து சொல்லிவிட்டேன்.

"இன்னாமா திடீர்னு," என்றாள் அம்மா. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "எப்பவும் அங்கதானே குந்தும் அது. அங்கதான் காத்து வருது."

நான் என் மகளுக்குச் சொன்ன அதே பதில். ஸ்டெல்லா டம்ளரில் இருந்ததைக் குடித்து முடித்தாள். எழுந்து அதை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இருக்கட்டுங்கம்மா," என்றாள்.

பாத்தியா, அதுவே சொல்லுது என்று அம்மா நிம்மதியாகச் சிரித்தாள், தன்னிடம் சொன்னதாக நினைத்துக்கொண்டு. ஸ்டெல்லா என் அம்மாவைப் பார்க்கவில்லை. போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.